நரம்பா, தமனியா?

விபத்துச் செய்திகளில் 'வயிற்றில் நரம்பு அறுந்து ரத்தக்கசிவு' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. ரத்தம் கொட்டுவது நரம்பிலிருந்து அல்ல, தமனி போன்ற ரத்தக்குழாயிலிருந்து. பழந்தமிழில் யாழின் தந்தி நரம்பு. கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயையும் பேச்சில் இன்றுவரை நரம்பு என்கிறோம். மருத்துவத் தமிழோ அச்சொல்லை உணர்வு கடத்தும் இழைக்கென்று ஒதுக்கிவிட்டது. தமனி வடசொல், ஊதுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. கிரேக்கரின் 'ஆர்டீரியா'வும் முதலில் மூச்சுக்குழலையே குறித்தது. பிணத்தில் வெறுமையாகக் கிடந்த தமனியில் காற்று ஓடுவதாக நம்பினார்கள். ஓடுவது ரத்தமே என்று காட்டியவர் 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன். இலங்கைப் பாடநூல்களில் தமனிக்குப் பெயர் நாடி; தமிழ்நாட்டில் நாடி என்றால் துடிப்பு. துடிக்கும் குழாய்க்கு நாடி அழகான பெயர்தான், ஆனால் செய்தி வாசகருக்குச் சட்டென விளங்குவது 'குருதிக்குழாய்'. வயிற்றுத் தமனி கிழிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உயிர் போகலாம். எனவே செய்தி எழுதுவோரே, நரம்பை விட்டுவிடுங்கள். 'வயிற்றுக்குள் குருதிக்குழாய் கிழிந்தது' என்றே எழுதுங்கள்.