ஆறு நாட்கள்: ஒரு சொல்லும் சில கணக்குகளும்

தமிழில் ‘நாள்’ பல பொருள் ஒரு சொல். பழைய இலக்கியத்தில் அது விடியலையும் விண்மீனையும் குறிக்கும். ‘நாளங்காடி’ பகற் சந்தை. ‘வாழ்நாள்’ என்றால் ஓர் ஆயுள் முழுவதும். கந்தளாயில் இதைப் படிப்பிக்கையில் ஒரு மாணவர், “அப்ப ஆறு நாளில வானம் பூமி படைச்சதும் இப்படித்தானா சேர்?” என்று கேட்டார். சமயபாடத்தையா விஞ்ஞானத்தையா நம்புவது என்ற தடுமாற்றம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

பைபிளின் ஆதியாகமத்தில் மாலை முந்தி, காலை பிந்தி வருகிறது. எங்கட வீடுகளில் வியாழன் மஃரிபோடு ‘வெள்ளி இரவு’ வந்துவிடுவதும் அதே பழைய கணக்குத்தான். ஆனால், அங்கே சூரியன் படைக்கப்படுவது நான்காம் நாளில். அப்படியென்றால் முதல் மூன்று நாட்கள் எத்தகையவை? 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜனும், பின்னர் அகஸ்தீனும் (இறப்பு 430) அவை நாமறிந்த நாட்களல்ல என்றே கருதினர். அயர்லாந்துப் பேராயர் அஷரோ 1650இல் வம்ச வரிசைகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004இல் நடந்தது என்றார். ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அந்த ஆண்டு அச்சாகியதால் பலர் அதையும் வேதவாக்காகவே எண்ணினர்.

நம்மவரும் கணக்குப் பார்த்தவர்களே. எபிரேய ‘யோம்’, அரபு ‘யவ்ம்’ இரண்டும் ஒரே வேரின. இறைவனிடத்தில் ஒரு நாள் ஆயிரம் ஆண்டு போன்றது என்ற கருத்து அல்குர்ஆனில் (22:47) உண்டு. ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாளும் (70:4) உண்டு. இமாம் தபரீ (இறப்பு 923) தம் வரலாற்று நூலில் படைப்பின் ஒவ்வொரு நாளையும் ஆயிரம் ஆண்டாகக் கொண்டு, உலகின் மொத்த ஆயுளை 7000 ஆண்டுகள் என மதிப்பிட்டார். அஷரின் கணக்கைப் போலவே அதுவும் நிலைக்கவில்லை. வேதத்தின் சொல் விரிந்தது. அதில் எண்ணைப் பூட்டியவர்கள் மனிதர்கள்.

பாதிரிமாரோடு வாதம் சூடாயிருந்த காலத்தில் ஸர் ஸெய்யித் அஹ்மத் கான் வேறு வழி எடுத்தார். 1862இலும் 1865இலும் வெளியான தமது பைபிள் விரிவுரையில், ஆதியாகமத்தின் முதல் 11 அதிகாரங்களுக்கு ஒரு முஸ்லிமாக நின்று உருதுவில் உரை எழுதினார். மற்றவர் வேதத்தையும் அக்கறையோடு வாசிக்கலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

அப்படி வாசித்தால் உண்மையான வேறுபாடும் தெரியும். ஆதியாகமத்தில் ஏழாம் நாள் ஓய்வு நாள். அல்குர்ஆனோ (50:38) ஆறு நாள் படைப்பில் அல்லாஹ்வைக் களைப்புத் தீண்டவில்லை என்கிறது. நம் அகீதாவுக்கு முக்கியமானது இதுதான். ஒரு நாளின் நீளமல்ல. இன்று ‘யவ்ம்’ என்பதற்குள் கோடி ஆண்டுகளைத் திணித்துப் பெருமைப்படுவதும் அஷர் செய்த வேலைதான். பாறையின் வயதைப் பாறையிடமே கேட்கட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். அதனால் ஈமானுக்குக் குறைவு வராது.