கிள்ளான் கற்பித்த பாடம்

நோய் வந்தபின் மருந்து தேடுவது மக்களின் இயல்பு. நோய் வாராமல் காப்பதற்குப் பொருள் ஒதுக்குவது அரிது. பிழைத்த நோயாளியை எல்லாரும் காண்பர். நோயே வாராதவனை எவரும் காணார். ஆகவேதான் வருமுன் காக்கும் பணிக்கு நிதி கிடைப்பது எக்காலத்தும் கடினமாக இருந்து வந்துள்ளது. கிடைத்த நிதி யார் கையில் சேர வேண்டும் என்பது அதனினும் கடினமான வினா. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1901ஆம் ஆண்டு சனவரியில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்து சேர்ந்தார். அன்றைய கிள்ளான் சதுப்பு நிலமும் காடும் சூழ்ந்த சிற்றூர். அவ்வாண்டு செப்டம்பரில், பிற்காலத்தில் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அங்குள்ளோரைப் படுக்கையில் வீழ்த்தியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த அறிவை நம்பிய வாட்சன், மருந்தைவிட மண்வெட்டியே இன்றியமையாதது என்று வாதிட்டார். அரசாங்கம் பணம் ஒதுக்கியது. காடு திருத்தப்பட்டது, வடிகால்கள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் தூர்க்கப்பட்டன. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் அத்தொகை 59 ஆகவும், 1903இல் 46 ஆகவும் குறைந்தது. மருத்துவரின் பெயர் உலகெங்கும் பரவியது. சேற்றில் நின்று வடிகால் வெட்டிய கூலிகளின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

கரையோரத்தில் பெற்ற வெற்றி குன்றுப் பகுதிகளில் கைகொடுக்கவில்லை. கரையோரக் கொசு நிழல் படிந்த சதுப்பு நீரில் முட்டையிடுவது. காட்டை அழித்தால் அது மறையும். குன்றுக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைகளை நாடுவது; காட்டை அழித்தால் அது பெருகும். ரப்பர் பயிரிடுவதற்காகக் குன்றுகளை மொட்டையடித்த தோட்டங்களில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பம் குடும்பமாகக் காய்ச்சலில் வாடியதன் காரணம் இதுவே. ஓரிடத்திற்குப் பொருந்திய திட்டத்தை மற்றோரிடத்தில் அப்படியே புகுத்தலாகாது என்பதை வாட்சன் உணர்ந்து, மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடைநீரை மறைக்கும் முறையையும், நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையையும் கையாண்டார்.

அறக்கொடை இந்நாட்டின் சுகாதாரத்துள் நுழைந்தது அடுத்த கட்டத்தில். அமெரிக்காவில் 1913இல் தோன்றிய ராக்பெல்லர் அறநிறுவனம், கொக்கிப்புழு நோயை ஆராய ஒரு குழுவைக் கீழ்த்திசைக்கு அனுப்பியது. டார்லிங், பார்பர், ஹாக்கர் ஆகிய மூவர் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் ஆராய்ந்தனர். மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். செருப்பின்றிப் பால்மரம் வெட்டச் சென்ற தோட்டத் தொழிலாளருக்கு இதனினும் கொடிய பகை வேறு வேண்டுமோ?

மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் கழிப்பிடம் இல்லாத லயத்தில், வெளியேறிய புழுவின் வழித்தோன்றல்கள் சில மாதங்களில் மீண்டும் அதே கால்களைத் துளைக்கும். இவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம், அந்நிறுவனம் 1916 முதல் பெருந்திட்டம் நடத்திய இலங்கைத் தோட்டங்கள். அங்கும் நோயுற்றோர் தமிழ்த் தொழிலாளரே. நிறுவனம் மருந்து தந்தது. கழிப்பிடம் கட்டும் செலவைத் தோட்ட முதலாளிகள் தட்டிக் கழித்தனர். தொழிலாளரின் கருத்தைக் கேட்டவர் இலர். மருந்து தீர்ந்தது; நோய் திரும்பியது.

அந்தத் தோல்வியிலிருந்து நிறுவனம் கற்றுக்கொண்டது. 1926இல் இலங்கையின் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று தொடங்க உதவியது. அங்கே மருத்துவரும் தாதியரும் மருத்துவச்சியரும் ஊர்மக்களிடையே இருந்து பணியாற்றினர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் கற்பித்தனர். வீடுதோறும் கழிப்பிடம் அமையச் செய்தனர். கொடையாளர் தொடக்கச் செலவில் பங்கேற்க, பொறுப்பை உள்நாட்டு அரசு ஏற்றுக்கொள்வது என்பது ஏற்பாடு. தோட்டத்தில் நிலைக்காத பணி ஊரில் நிலைத்தது. ஊரார் அதில் பங்காளிகளாக இருந்ததே காரணம்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கை வாட்டும் கொசுநோய் டெங்கி. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பில் வளர்வதில்லை. பூந்தொட்டித் தட்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்கின்றது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பின்கட்டிற்கு அரசாங்க மண்வெட்டி எட்டாது. அவ்வீட்டாரின் கை மட்டுமே எட்டும். ஆகவே கொடையளிப்போர் அந்தக் கைகளை நம்பிப் பொருள் தர வேண்டும். எதற்குச் செலவிடுவது என்பதை முடிவு செய்யும் உரிமையையும் உடன் தர வேண்டும். வடிகால் வெட்டிய கைகளை வரலாறு ஒருமுறை மறந்தது. மறுமுறையும் மறப்பது அறமாகாது.