கொட்டுகிறவர் கேட்ட கொட்டு



நம் கோயில் திருவிழாக்களில் நாயனமும் தவிலும் களைகட்டும் நேரத்தில் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்திருப்பீர்கள். பலர் பேசிக்கொண்டிருப்பார்கள், சிலர் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கோ ஓரத்தில் ஒருவர் மட்டும் அசையாமல் நின்று தவில்காரரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார். விசாரித்தால் அவரும் தவில்காரராகவே இருப்பார். கொட்டுகிறவனின் அருமையை முழுவதும் அறிந்தவன் இன்னொரு கொட்டுகிறவன்தான். அப்படிக் கேட்டவர்களின் நினைவைக் கொண்டே ஒரு கலையின் வரலாறு எழுதப்பட வேண்டிய நிலை வந்தால் என்னவாகும்? அமெரிக்க நாட்டின் ஜாஸ் இசையில் அதுதான் நடந்தது. இன்றைய பேச்சில் நாம் பார்க்கப்போவது அந்தக் கதையைத்தான்.

முதலில் ஒரு கேள்வி. இசைத்தட்டு வந்துவிட்ட காலத்தில் நினைவு எதற்கு? தட்டைச் சுழலவிட்டுக் கேட்டுக்கொள்ளலாமே! பாட்டுக்கும் குழலுக்கும் அது பொருந்தும். முரசுக்குப் பொருந்தவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக்கு மின்சார ஒலிவாங்கி கிடையாது. பெரிய புனல் ஒன்றை வைத்திருப்பார்கள். வாத்தியக்காரர்கள் அதன் முன் நின்று வாசிக்க, ஒலியின் அதிர்வு புனல் வழியே சென்று ஓர் ஊசியை அசைக்கும். ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். காலால் மிதித்து அடிக்கும் பெருமுரசை அந்தப் புனலுக்கு எதிரில் ஓங்கி ஒலித்தால் ஊசி துள்ளிவிடும், தட்டு பாழாகும்.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிங் ஆலிவர் என்பாரின் குழு இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஒலிப்பதிவு செய்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் அப்போது அந்தக் குழுவில் இளைஞர். அவருடைய ஊதல் மற்றவர்களை மூழ்கடித்துவிடுகிறது என்று அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள் என உடன் வாசித்தவர்கள் சொன்னதுண்டு. முரசுக்காரரான பேபி டாட்ஸுக்கு இன்னும் மோசம். தம் முரசுகளை விட்டுவிட்டு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தட்டை இன்று கேட்பவர், இந்த மனிதரையா பெரிய வித்துவான் என்கிறார்கள் என்று வியப்பது இயல்பு.

பெரிய வித்துவான் என்று சொன்னவர்கள் நேரில் கேட்டவர்கள். சிகாகோ நகரின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்தில், லிங்கன் கார்டன்ஸ் என்ற ஆடலரங்கம் இருந்தது. ஆலிவரின் குழு அங்கேதான் வாசித்தது. மேடையோரமாக வெள்ளைக்கார இளைஞர் சிலர் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். டேவ் டஃப், ஜார்ஜ் வெட்லிங் ஆகியோர் அப்படி வந்தவர்கள். இருவரும் பின்னாளில் பெயர்பெற்ற முரசுக்காரர்கள் ஆனார்கள். 1909இல் சிகாகோவிலேயே பிறந்த ஜீன் குரூப்பாவும் டாட்ஸைக் கேட்டுக் கேட்டுக் கற்றவர். டாட்ஸ் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் பின்னால் வேறு வேறு விதமாக வாசிப்பார், முரசின் விளிம்பு, கட்டை, தாளத் தட்டு எல்லாம் அவர் கையில் பேசும் என்ற செய்திகள் இத்தகையோர் வாய்வழியேதான் நமக்கு வந்துள்ளன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த இளைஞர்கள் தென்பகுதிக்குப் போய்க் கேட்க முடிந்தது. அவர்கள் வாசித்த ஆடம்பர அரங்குகளுக்கு டாட்ஸ் போன்றவர்கள் ரசிகராகப் போய் உட்கார முடிந்ததில்லை. கல்வி ஒரு பக்கமாகவே ஓடிற்று. பணமும் புகழும் அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடின. குரூப்பா மட்டும் தம் ஆசிரியர்கள் யார் என்பதை எப்போதும் பெயர் சொல்லிக் கூறிவந்தார். அந்தப் பண்பு 1937இல் அவருக்குப் பெரிய சோதனையில் துணைநின்றது.

அந்தச் சோதனையைக் கூறுமுன் சிக் வெப் என்பவரை நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பால்ட்டிமோர் நகரத்தவர். சிறு வயதில் முதுகெலும்பில் காசநோய் பற்றியது. முதுகு வளைந்துவிட்டது, உயரமும் நாலடி அளவிலேயே நின்றுபோயிற்று. தெருவில் செய்தித்தாள் விற்றுக் காசு சேர்த்து முரசு வாங்கினார். இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பாட்டைக் குழுவினர் ஒத்திகை பார்க்கும்போது கேட்டால் போதும், ஒவ்வொருவர் வாசிக்க வேண்டியதும் அவர் மனத்தில் பதிந்துவிடும். யாரேனும் தவறினால் அவர் வாசிக்க வேண்டியதை வாயாலேயே பாடிக் காட்டுவாராம். குள்ளமான அவருக்குக் கால் எட்டும்படி மிதிபலகைகளைத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். மேடையில் உயர்ந்த பீடத்தின்மேல், தம்மைவிடப் பெரிதாகத் தோன்றும் முரசுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். வலியில்லாத நாள் அவருக்கு அபூர்வம்.

அவர் அரசாண்ட இடம் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலிருந்த சவாய் ஆடலரங்கம். 1926ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. லெனாக்ஸ் சாலையில் 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட நீளம் முழுவதும் அது ஒன்றே. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடலாம் என்பது அக்காலத்தில் அங்கே கிடைத்த அரிய உரிமை. உள்ளே அடுத்தடுத்து இரண்டு மேடைகள். ஒரு குழு ஓய்ந்ததும் மறு குழு தொடங்கிவிடும். ஆட்டம் நிற்பதே இல்லை. இரண்டு மேடை இருந்தால் போட்டி வராமல் இருக்குமா? வெளியூர்க் குழு எதுவானாலும் சவாய்க்கு வந்தால் வெப்பின் குழுவை எதிர்கொண்டாக வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் தோற்றே போனார்கள்.

1937ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. எதிர்மேடைக்கு வந்தது பென்னி குட்மனின் குழு. அந்நாளில் அமெரிக்காவில் அதைவிடப் புகழ்வாய்ந்த ஆடலிசைக் குழு இல்லை. சிகரெட் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் வாரந்தோறும் வானொலியில் ஒலித்தது. அதன் முரசுக்காரர் நம் ஜீன் குரூப்பா. சினிமா நடிகருக்கு நிகரான அழகும் கவர்ச்சியும் உடையவர், பத்திரிகை வாக்கெடுப்புகளில் முதலிடம் பிடித்துவந்தவர். ஆனால் ஒரு செய்தி. குட்மன் குழு வாசித்துப் புகழ் சேர்த்த ‘ஸ்டாம்பின் அட் தி சவாய்’ என்ற மெட்டு வெப்பின் குழுவில் இருந்த எட்கர் சாம்ப்சன் அமைத்தது. பெயரிலேயே சவாய் இருக்கிறது பாருங்கள். அந்த மெட்டு பிறந்த வீட்டிற்கே அதைக் கொண்டுவந்து வாசிக்க வேண்டிய இக்கட்டு குட்மனுக்கு!

உள்ளே சுமார் 4,000 பேர். இடமின்றித் திரும்பியவர்கள் சுமார் 5,000 பேர் என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. தெருவில் குதிரைப்படைக் காவலரை நிறுத்த வேண்டியதாயிற்று. வெப் தம் குழுவினரை அழைத்து, இந்த இரவு என்னுடையது, சுரம் தவறுகிறவர் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்ற கருத்தில் எச்சரித்தார் என்பார்கள். உடலூனமுற்ற ஒரு மனிதர், வானொலியாலும் பத்திரிகையாலும் உயர்த்தப்பட்ட ஒரு கூட்டத்தின்முன், தம் மக்களின் நடுவில் தம் தொழிலின் உரிமையை நிலைநாட்டப் போகும் வேளை. அந்தக் கடுமையை நாம் குறை சொல்ல மாட்டோம்.

இரு குழுக்களும் மாறி மாறி வாசித்தன. குட்மன் குழு நேர்த்தியாகவே வாசித்தது. கூட்டம் அவர்களையும் கைதட்டி வரவேற்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் வெப்பின் மேடையிலிருந்து வந்த பதில் இன்னும் ஓங்கி நின்றது. இறுதியில் வெப்பின் முறை. முரசைத் தனியே வாசிக்கத் தொடங்கினார். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் போன்றது என்று சொல்லலாம். ஆனால் ஆடுகிறவர் கால் நிற்காதபடி தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். ஆடிக்கொண்டிருந்தவர்களே ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையை நெருங்கி நின்று கேட்டார்கள். அவர் முடித்தபோது, எதிர்மேடையிலிருந்த ஜீன் குரூப்பா எழுந்து நின்றார். சிக் வெப்பை நோக்கித் தலைதாழ்த்தி வணங்கினார்.

அந்த வணக்கத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. புன்னகைத்துவிட்டு இறங்கிப் போயிருந்தாலும் மறுநாள் பத்திரிகைகள் அவர் படத்தைத்தான் போட்டிருக்கும். பின்னர் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோதும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. அன்று வெப் தம்மைத் துண்டுதுண்டாக வெட்டிப்போட்டார் என்றும், தம்மைத் தோற்கடித்தவர்களில் அவரைவிடச் சிறந்தவர் இல்லை என்றும் பெருமையாகவே நினைவுகூர்ந்தார். தோற்ற கச்சேரியைத் தம் வாழ்வின் மறக்க முடியாத கச்சேரியாகப் போற்றுவது நம்மில் எத்தனை பேருக்கு இயலும்? இரண்டு மாதம் ஆகுமுன்பே, அதே ஆண்டு ஜூலை 6ஆம் நாள், குரூப்பாவின் முரசை மையமாகக் கொண்ட ‘சிங், சிங், சிங்’ ஒலிப்பதிவாயிற்று. நாடே அதைக் கொண்டாடியது. தோல்வி அவருடைய கையைக் கட்டிப்போடவில்லை என்று தெரிகிறது.

மே 11ஆம் நாள் இரவுக்கு இசைத்தட்டு இல்லை. ஆகவேதான் இவ்வளவும் நினைவு. நினைவு என்றால் பிழை வராதா என்று நேயர்கள் கேட்கலாம். வரும். அதற்கும் சான்று உண்டு. 1938ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் குட்மன் குழு வாசித்தது. மேற்கத்தியச் சாத்திரிய இசைக்கு உரிய அம்மண்டபத்தில் அது பெரும் நிகழ்ச்சி. மேடைக்குமேல் தொங்கிய ஒரே ஒலிவாங்கியின் மூலம் பதிவாகி 1950இல் இசைத்தட்டாக வெளிவந்தது. கவுண்ட் பேசியும் அவர் குழுவினர் சிலரும் விருந்தினராக வந்து அங்கே வாசித்தபோது அவர்களுக்கு முரசு பிடித்தவர் குரூப்பா. அதே இரவு அவர்கள் சவாய்க்கு விரைந்தார்கள். பேசியின் குழுவுக்கும் வெப்பின் குழுவுக்கும் அங்கே போட்டி. கார்னெகியில் வாசித்து முடித்த இசைவாணர் பலர் கேட்பதற்காகப் பின்தொடர்ந்தனர்.

பேசியின் முரசுக்காரர் ஜோ ஜோன்ஸ் வேறு வகை. பெருமுரசை அதிர வைக்காமல், காலால் திறந்து மூடும் இரட்டைத் தாளத் தட்டின்மேல் குச்சியை மென்மையாக ஓடவிட்டு நடையைக் காப்பவர். வெப் இடி என்றால் இவர் தென்றல். வெப் பக்கம் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடினார். பேசி பக்கம் பில்லி ஹாலிடே. வென்றவர் யார்? ஓர் இசைப் பத்திரிகை வெப் என்றது. மற்றொன்று பேசி என்றது. கார்னெகி நிகழ்ச்சியை நாம் இன்றும் கேட்டு முடிவு சொல்லலாம். ஹார்லம் நிகழ்ச்சிக்கு அந்த வழி இல்லை; கேட்டவர்கள் இரண்டு பட்டார்கள், இரண்டாகவே விட்டுப் போனார்கள். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் வந்த முரசுக்காரர்கள் வெப்பின் இடியையும் எடுத்துக்கொண்டார்கள், ஜோன்ஸின் தென்றலையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வெற்றி தோல்விப் பட்டியல் தேவைப்படவில்லை.

வெப்புக்குக் காலம் குறைவாகவே இருந்தது. 1938இல் எல்லா பாடிய ‘ஏ டிஸ்கெட், ஏ டாஸ்கெட்’ என்ற பாட்டு நாடெங்கும் பரவி, குழுவுக்கு முதன்முறையாகப் பெரும் வருவாய் தந்தது. ஊர் ஊராகச் சுற்றி வாசித்தார். வாசித்து முடித்ததும் மயங்கி விழுந்த நாள்களும் உண்டு. 1939ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் தாம் பிறந்த பால்ட்டிமோர் நகரிலேயே மருத்துவமனையில் காலமானார். குழுவை எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் பெயரில் சில ஆண்டுகள் நடத்தினார்.

சவாய் ஆடலரங்கம் 1958இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் குடியிருப்புக் கட்டடங்கள் எழுந்தன. அங்கு ஆடியவர்களில் உயிரோடிருந்த சிலர் 2002ஆம் ஆண்டில் கூடி, அங்கே ஒரு நினைவுப் பலகையைத் திறந்து வைத்தார்கள். வெப்பின் வாசிப்பில் கொஞ்சமாவது கேட்க விரும்பும் நேயர்களுக்கு 1937இல் பதிவான ‘ஹார்லம் காங்கோ’ என்ற தட்டு இருக்கிறது. அதில் அவர் தனியாக வாசிப்பது சில விநாடிகளே. தட்டின் மூன்று நிமிடத்தில் அதற்குமேல் இடமில்லை. குரூப்பா எழுந்து நின்று வணங்கியது இதைப் போன்ற எவ்வளவு நேரத்துக்காக என்பதை, தட்டு முடிந்தபின் நேயர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.