கோடைமலையைச் சுமந்த தோள்கள்

கொடைக்கானலில் உள்ள சலேத் அன்னை ஆலயத்திற்கு எம் பங்கு மக்களோடு ஒருமுறை திருப்பயணம் சென்றிருந்தேன். திருப்பலி முடிந்தது. இளைஞர்கள் ஏரிக்கும் தூண் பாறைக்கும் செல்லப் பரபரத்தனர். மூதாட்டி ஒருவர் மட்டும் ஆலயச் சுவரைத் தடவிப் பார்த்தபடி நின்றார். "இந்தக் கல்லையும் மரத்தையும் இம்புட்டு உசரத்துக்கு ஆரு சாமி தூக்கியாந்தாக?" என்று என்னிடம் கேட்டார். ஆலயத்தைக் கட்டிய குருவின் பெயரையும் ஆண்டையும் கூறினேன். "அவுக கட்டுனாக, சரி. தூக்கியாந்தது ஆரு?" என்றார் மீண்டும். விடை கூற என்னால் இயலவில்லை. அந்தக் கேள்வியோடுதான் அம்மலையின் வரலாற்றை மறுபடியும் படிக்கத் தொடங்கினேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது கொடைக்கானல். 1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேய அலுவலர் இம்மலையை அளந்து குறிப்பெழுதினார். வெள்ளையர் இம்மலையைக் கண்டுபிடித்தனர் என்று பலரும் எழுதுவது அதனால்தான். ஆனால் தாண்டிக்குடி, பெருமாள்மலை ஆகிய பகுதிகளில் பாறைமேடுகளின்மீது நிற்கும் கல்திட்டைகளைப் பார்த்தோர் அவ்வாறு கூறத் துணியார். பெரும் பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, அவற்றின்மேல் மற்றொரு பலகைக் கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் அவை. இயேசு சபைக் குருக்களான ஆங்க்லாத், நியூட்டன் ஆகிய இருவரும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பளியரும் புலையரும் குன்னுவரும் இம்மலையில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தவர்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பரை வழிபடும் உழவர்களுக்கு இது கோடை வாசத்தலம் அன்று, பிறந்த மண்.

பிற நாட்டவரை இம்மலைக்கு ஏற்றியது இன்ப நாட்டம் அன்று. மரண பயமே எனலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மறைபரப்பாளர்கள் 1834இல் மதுரையில் தம் பணியைத் தொடங்கினர். காலராவும் காய்ச்சலும் அவர்களையும் அவர்தம் குழந்தைகளையும் ஒவ்வொருவராகப் பலிகொண்டன. சிறுமலையில் அடைக்கலம் தேடியும் பயனில்லை. இறுதியில் 1845இல் கொடைக்கானலில் அவர்களுடைய முதல் இரண்டு வீடுகள் எழுந்தன. நம் திருச்சபையின் நிலையும் வேறன்று. புதிய மதுரை மறைத்தளத்திற்கு முதலில் வந்த இயேசு சபையினருள் பலர் சில ஆண்டுகளுக்குள்ளேயே மாண்டுபோயினர். இன்று நாம் தேன்நிலவுக்குச் செல்லும் ஊர், கல்லறைகளின் துயரத்திலிருந்து பிறந்த ஊர்.

சலேத் அன்னை ஆலயத்தின் கதையும் கண்ணீரோடு தொடர்புடையது. பிரான்சு நாட்டின் ஆல்ப்சு மலையில் சலேத் என்னும் சிற்றூருக்கு அருகே, 1846 செப்டம்பர் 19 அன்று, மாடு மேய்த்த மெலானி, மாக்சிமின் என்னும் இரு சிறார்களுக்கு அன்னை மரியா அழுத கண்களோடு காட்சி தந்தார். அந்த அன்னையின்பால் பக்தி கொண்ட இயேசு சபைக் குரு லூயி சேன்-சீர், நாற்பதாண்டுகள் கடக்குமுன்பே, ஏன், இருபதே ஆண்டுகளில், 1866இல் கோடைமலையில் அவருக்கு ஆலயம் எழுப்பி முடித்தார். மலைமீது அழுத தாய்க்கு மற்றொரு மலைமீது ஓர் இல்லம்!

ஆனால் மூதாட்டியின் கேள்வி இங்கேதான் எழுகிறது. 1866இல் மலைக்குச் சாலை ஏது? அம்மையநாயக்கனூருக்குப் புகைவண்டி வந்ததே 1875இல்தான். அதன் பின்னரும் மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து பத்து மைலுக்கும் மேற்பட்ட செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டும். வசதி படைத்தோர் குதிரையிலோ, ஆட்கள் மாறிமாறித் தோள்கொடுத்துத் தூக்கும் நாற்காலியிலோ டோலியிலோ ஏறினர். அரிசி, சன்னல் கண்ணாடி, மருந்துப் பெட்டி, மேசை, கட்டில் யாவும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலுமே மேலே சென்றன. மோட்டார் வண்டிகள் ஏறத்தக்க மலைச்சாலை நிறைவுற்றது 1914ஆம் ஆண்டளவில்தான். அதுவரை எழுந்த ஒவ்வொரு மாளிகைக்கும் பள்ளிக்கும் ஆலயத்திற்கும் அடித்தளமாக இருந்தவை சுமைகூலிகளின் தோள்களே.

ஓடையை மறித்து 1863இல் ஏரியை உருவாக்கிய லெவிஞ்சுக்கு நினைவுச் சின்னம் உண்டு. மண் சுமந்தவர்களுக்கு இல்லை. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்திற்குப்பின், பருவமழையின் போக்கை அறியச் சூரியனை ஆராயவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அதன் விளைவாகச் சென்னையிலிருந்த வானியல் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. சூரியப்புள்ளியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்செட் என்பார் 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். அந்த இயக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மோட்டார் வண்டி எட்டாத அந்நாளில் மென்மையான கருவிகளைச் சிதையாமல் மேலேற்றியவர்கள் யாவர்? செண்பகனூரில் 1895இல் நிறுவப்பட்ட திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பறவைகளையும் பாம்புகளையும் தாவரங்களையும் கண்டு வியக்கிறோம். அந்த மரபின் வழியே அருள்தந்தை கே. எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களை ஆராய்ந்து, 1999இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். போற்றத்தக்க உழைப்பு! ஆயினும் அக்காட்டின் செடிகொடிகளை முதலில் அறிந்து பெயரிட்டவர்கள் அம்மலையின் குடிகளே என்பதை மறக்கலாகாது.

இவற்றை எழுதுவதால் நம் முன்னோரின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எண்ணவேண்டா. அவர்கள் தந்த நம்பிக்கையில் வளர்ந்தவன் யான். ஆனால் ஆலயம் கட்டியவரின் பெயரை மட்டும் கற்று, கல் சுமந்தவரின் நினைவை இழப்பது அரைகுறை வரலாறு. ஆண்டவரின் சிலுவையைச் சிறிது தூரம் சுமந்த சீரேன் ஊர்ச் சீமோனின் பெயரை நற்செய்தியாளர்கள் மறவாமல் பதிவு செய்தனர். அவர் மனமுவந்து சுமந்தவர் அல்லர், கட்டாயப்படுத்தப்பட்டவர். சுமந்தவனை மறவாத நற்செய்தியைப் பெற்றிருக்கும் நாம் சுமந்தவர்களை மறக்கலாமா?

இன்று டோலிகள் இல்லை. இன்று நம்மைச் சுமப்பது மலையே. மழைநீரைத் தேக்கி மஞ்சளாற்றையும் வராக நதியையும் ஊட்டி வளர்க்கும் சோலைக்காடுகளும் புல்வெளிகளும், வெளியிலிருந்து கொணர்ந்து நட்ட சீகை மரங்களாலும் தைல மரங்களாலும் சுருங்கிவிட்டன. வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற பாதரசக் கழிவு 2001இல் வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. வாகனப் பெருக்கம் தாளாமல் 2024 மே மாதம் முதல் இணையவழி அனுமதிச் சீட்டு பெற்றே மலையேற வேண்டும் என உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சுமப்பவருக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் உணர வேண்டியிருந்தது.

சலேத் அன்னை ஆலயத்தின் பெருவிழா ஆகஸ்டு 15 அன்று நடைபெறுகிறது. விண்ணேற்பு விழாவாகிய அன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் நற்செய்தி, மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்ற நிகழ்ச்சியாகும். அவரும் மலைப்பயணிதான். ஆனால் அவர் காட்சிகளைக் காணச் செல்லவில்லை. கருவுற்றிருந்த முதிய உறவினருக்குத் துணைநிற்கச் சென்றார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே தங்கினார். அங்கே அவர் பாடிய பாடலில் உயர்த்தப்படுவோர் தாழ்நிலையில் இருப்போரே.

அடுத்த முறை கோடைமலை ஏறும்போது ஏரியைக் காணுங்கள், அருவியைக் காணுங்கள், குளிர்ந்த காற்றை நெஞ்சார நுகருங்கள். இறைவன் தந்த கொடை அது. ஆனால் சலேத் அன்னையின் திருமுன் முழந்தாளிடும்போது, பெயர் எழுதப்படாத அந்தத் தோள்களுக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள். அம்மூதாட்டியிடம் யான் கூற இயலாத விடை, அவர்கள் பெயரை அறிந்த ஆண்டவரிடம் இருக்கிறது.