பூ இருக்கு, பூச்சி எங்கே?

17-ஆம் நூற்றாண்டு டச்சுப் பூ ஓவியங்களைப் பார்த்திருக்கீங்களா? இதழ் மேல ஒரு ஈ, இலை ஓரமா ஒரு கம்பளிப்பூச்சின்னு அடிக்கடி வரும். எந்த அழகும் நிலைக்காதுன்னு அதுக்கு அர்த்தம் சொல்வாங்க.

இப்போ நம்ம பாச்சலூர் இருக்கிற பழனி மலைக்கு வருவோம். 1836-ல இங்கே செடி சேகரிக்க வந்தவர் ராபர்ட் வைட். அவருக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைஞ்சவங்க ரங்கையா, கோவிந்து. அது தாவரவியலுக்கான படம். அதனால பூச்சிக்குப் பதிலா, பூவைப் பிரிச்சு மகரந்தத்தாள், சூலகம்னு தனித்தனியா காட்டினாங்க. செடியை அடையாளம் காண அதுதானே வேணும்?

வைட், கோவிந்துவை மறக்கலை. 1853-ல ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா'ன்னு பேர் வெச்சார். பின்னாடி அந்தச் செடியை டிராபிடியா பேரினத்துல சேர்த்துட்டாங்க. கோவிந்துவோட படங்கள் இருக்கு; அவர் பேரைச் சுமந்த பேரினம்தான் இல்லை.