சிப் திணறியது, ஆட்டம் சூடு பிடித்தது!

விடியோ விளையாட்டு ஒன்றில் மழை பொழிவதையும் நிழல் அசைவதையும் கண்டு நீங்கள் வியந்திருக்கலாம். படம் அழகாயிருந்தால் ஆட்டமும் சுவையாக இருக்குமா? விடை தேட 1978-ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் செல்வோம்.

அங்கே டைட்டோ நிறுவனத்துப் பொறியாளர் தொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். வரிசைக்கு 11 பேராக 5 வரிசைகளில் 55 வேற்றுக் கிரகத்தவர் இறங்கி வருவார்கள். கீழேயுள்ள பீரங்கியை நகர்த்தி நீங்கள் அவர்களைச் சுட வேண்டும். படமோ கறுப்பு வெள்ளை. வண்ணம் தெரிவதற்காகச் சில இயந்திரங்களில் நிறத்தாளை ஒட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

உள்ளேயிருந்த இன்டெல் 8080 சிப்புக்கு 55 உருவங்களையும் ஒருசேர நகர்த்தும் வலு இல்லை. திரையில் படம் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒருவன் மட்டுமே ஓரடி நகர்வான். கணக்கிட்டுப் பாருங்கள். 55 பேரும் ஓரடி வைக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். பாதிப்பேர் வீழ்ந்தபின் அரை வினாடி போதும். ஒருவனே எஞ்சினால்? வினாடிக்கு 60 அடி! குறிவைப்பதற்குள் பறந்துவிடுவான்.

இதைக் குறையென்று கருதித் திருத்தியிருக்கலாம். நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். வெற்றி நெருங்க நெருங்க ஆட்டம் கடினமாயிற்று. ஆடுபவரின் நெஞ்சும் படபடத்தது.

1983-இல் அமெரிக்காவில் 'டிராகன்ஸ் லேர்' வந்தது. முன்பு டிஸ்னியில் பணியாற்றிய டான் புளூத்தின் குழு வரைந்த அசல் கார்ட்டூன் படம், லேசர் தட்டில் பதிக்கப்பட்டிருந்தது. மற்ற ஆட்டங்களுக்கு 25 சென்ட், இதற்கு 50. ஆயினும் கூட்டம் மொய்த்தது. நியாயந்தான், அவ்வளவு அழகு!

ஆனால் தட்டில் பதிந்த காட்சியை மாற்ற முடியாதல்லவா? குறித்த கணத்தில் கைப்பிடியைச் சரியான பக்கம் தள்ளினால் வீரன் தப்பிக்கும் காட்சி ஓடும். தவறினால் லேசர் கதிர் தட்டில் வேறோர் இடத்துக்குத் தாவி, அவன் மாளும் காட்சியைக் காட்டும். உங்கள் வேலை அவ்வளவே. அசைவுகளை மனப்பாடம் செய்தபின் அது வாய்பாடு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். ஒரு முறை பார்க்க டிராகன்ஸ் லேர். நூறு முறை ஆட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்பதே என் கட்சி.

இன்றைய சிப்புகளின் வலு பன்மடங்கு. எனினும் பல ஆட்டங்களில் ஒரு படத்தைத் தீட்டி முடிக்கக் கிடைப்பது அதே 1/60 வினாடிதான். ஒளிக்கும் நிழலுக்கும் அதில் எவ்வளவு, எதிரி யோசித்து நகர எவ்வளவு என்று இன்றும் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.