ஆயிரம் பவுண்டு ஓய்வூதியம்

இந்தியன் சிவில் சர்வீஸ் அதிகாரி 25 ஆண்டுகள் பணியாற்றி, அதில் விடுப்பு போக 21 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஓய்வூதியம் கிடைத்தது. கலெக்டராக ஓய்வு பெற்றாலும் தலைமைச் செயலாளராக ஓய்வு பெற்றாலும் தொகை ஒன்றுதான். நியமித்தவர் லண்டனில் இருந்த இந்தியா மந்திரி. பணமோ இந்திய வருவாயிலிருந்து போனது. 1947இல் அந்த மந்திரி பதவியே இல்லாமல் போகவிருந்த நிலையில், இனிப் படியளப்பது யார் என்ற கேள்வி எழுந்தது.

இந்திய சுதந்திரச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பணியில் தொடர்வோருக்குச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றில் பழைய நிபந்தனைகளையே உறுதி செய்தது. விலகிப்போன ஐரோப்பியருக்கு இழப்பீடும் கிடைத்தது. சொந்த அரசின் கீழ் தொடரப்போகும் இந்திய அதிகாரிகளுக்கு இழப்பீடு எதற்கு என்று பெரும்பாலோருக்கு அது மறுக்கப்பட்டது.

பவுண்டில் தர வேண்டிய ஓய்வூதியங்களுக்கு 1948 ஜூலை ஒப்பந்தம் வழி செய்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் இந்தியாவுக்குத் தர வேண்டிய கடன், ஸ்டெர்லிங் இருப்பாக லண்டனில் குவிந்திருந்தது. அதிலிருந்து சுமார் 16.8 கோடி பவுண்டை எடுத்து, மத்திய, மாகாண அரசுகளின் பெயரில் பிரிட்டனிடமிருந்து ஆண்டுத்தொகை வாங்கப்பட்டது. ஓய்வூதியர் இறக்க இறக்கச் செலவு குறையும். அதற்கேற்ப 60 ஆண்டுகளில் தேய்ந்து மறையும்படி தவணைகள் வகுக்கப்பட்டன. கடன்பட்டவரிடமே முதலை விட்டு வைத்து, அவர் நாட்டு அதிகாரிகளுக்குச் சோறு போட்ட ஏற்பாடு இது. ஆனாலும் ஆண்டுதோறும் அந்நியச் செலாவணிக்கு அலையும் தொல்லை இந்தியாவுக்கு இல்லாமல் போயிற்று.

இந்திய அதிகாரிகளுக்கு அரசியலமைப்பிலேயே உறுதி தர அரசு முன்வந்தபோது, அரசியல் நிர்ணய சபையில் எதிர்ப்புக் கிளம்பியது. மக்களின் சோற்றுக்கும் துணிக்கும் இல்லாத உத்தரவாதம் இவர்களுக்கு மட்டும் ஏன் என்ற தொனியில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அனந்தசயனம் ஐயங்கார் சாடினார். 1949 அக்டோபர் 10 அன்று உள்துறை அமைச்சர் படேல் கடுமையாகவே பதில் சொன்னார்: கொடுத்த வாக்கை மீறக்கூடாது, நல்ல அகில இந்தியப் பணி இல்லாமல் நாடு ஒன்றுபட்டு நிற்காது. படேலின் வாதம் வென்று, 314ஆம் பிரிவு பிறந்தது.

பிரிட்டிஷ் ஓய்வூதியர்களின் பொறுப்பை 1955இல் பிரிட்டன் நேரடியாக ஏற்றுக்கொண்டது. இந்திய அதிகாரிகளைக் காத்த 314ஆம் பிரிவோ, முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கான மானியம் ஒழிக்கப்பட்ட மறு ஆண்டே, 1972இல், 28ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. அவர்களுடைய பணி நிபந்தனைகளை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தது.